அவள் பக்கத்துப் பள்ளம்

ஜூன் 9, ஞாயிறு. மழை இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபீசராக இருந்த காலமெல்லாம் விடிந்ததும் மழையை அளந்து எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கை கேட்கவில்லை. அதனால் இந்த டைரி. எழுதாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் அன்று முழுக்க எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

நேற்று பொள்ளாச்சியில் காருக்கு நான்கு டயரும் மாற்றினோம். பழையவை மொட்டையாகி நூல் தெரிய ஆரம்பித்திருந்தன. கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். மற்றது யாரும் கேள்விப்படாத பெயர், பாதி விலை. நான் பாதி விலையைக் காட்டினேன். என் மனைவி வசுமதி மற்றதைக் காட்டினாள்.

"எல்லாம் ரப்பர்தான் வசு. பேருக்குத்தான் காசு."

"மழைக்கு எது பிடிக்கும்னு கேளுங்க" என்றாள் அவள்.

கடைக்காரர் நல்ல மனிதர். "டவுனுக்குள்ள ஓட்டறதுக்கு இது தாராளங்க சார். உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார். வால்பாறை என்றேன். மற்ற வகையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார். வியாபாரத் தந்திரம். முப்பது வருடம் தோட்டத்து ஜீப்பில் சேற்றிலும் சரிவிலும் ஓடியவனிடம் அது எடுபடுமா?

பாதி விலையே போட்டாயிற்று. வசு நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். முகத்தை மட்டும் தூக்கி வைத்திருந்தாள்.

ஜூன் 11, செவ்வாய். மழை இல்லை. மேகம் உண்டு.

டயாலிசிஸ் நாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் எனக்குப் பொள்ளாச்சிதான் விதி. விடியும் முன்பே புறப்பட்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து, வாடிப்போன கீரை மாதிரி திரும்ப ஏறி வர வேண்டும். இடது கையில் ஊசி போடும் இடம் இருப்பதால் நான் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வசு ஓட்டுகிறாள். ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவள். மோசமில்லை.

இன்று புது டயர் வெண்ணெய் மாதிரி போயிற்று. ஆழியாறு வரை ஒரு சத்தம் இல்லை. "பாத்தியா, ரப்பர் ரப்பர்தான்" என்றேன். "ரோடு காய்ஞ்சு கெடக்குதுங்க" என்றாள். இவளிடம் ஜெயிக்க முடியாது.

டாக்டர் மறுபடியும் கோயம்புத்தூர் பேச்சை எடுத்தார். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அங்கே பெயர் பதிந்து வைக்க வேண்டுமாம். எப்போது முறை வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். பார்க்கலாம் டாக்டர் என்றேன். போன மாதமும் அதையேதான் சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி. தூறல்.

அட்டகட்டி தாண்டி ஒரு வளைவில் வண்டி கொஞ்சம் வழுக்கியது. கொஞ்சம்தான். பிரேக் பிடித்த பிறகும் எதிரே இருந்த மைல்கல் நம்மை நோக்கி நடந்து வருகிற மாதிரி இருந்தது. பிறகு நின்றது.

"பிரேக்க அப்படி உதைக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"மெதுவாத்தாங்க மிதிச்சேன். பிடிக்கல."

"பிடிக்காமயா நின்னுச்சு?"

வீடு வரும்வரை இரண்டாவது கியரிலேயே வந்தாள். பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. எனக்கு வலது கால் வலிக்கிறது. உட்கார்ந்த இடத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறேன் என்று அவள் சொல்கிறாள். அப்படியெல்லாம் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு. நல்ல மழை.

சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது, எனக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் கூடாது. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் வசுவுக்குத் தண்ணீர் மோட்டார் போடக் கற்றுக்கொடுத்தேன். காற்று அடைத்துக்கொண்டால் எந்தத் திருகைத் திறப்பது, எந்த ஃபியூஸ் எதற்கு, எல்லாம். "நீங்கதான இருக்கீங்க, எனக்கெதுக்கு?" என்றாள். தெரிந்து வைத்துக்கொண்டால் கை தேய்ந்துவிடாது என்றேன். வாரப்பத்திரிகைக்குச் சந்தா முடிந்துவிட்டது. வருடச் சந்தா கட்டுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். கடையில் ஒவ்வொன்றாக வாங்கினால் போதும். போனுக்கும் மாதக் கணக்கே போதும். மூக்குக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, புதிது எதற்கு, இதில் எழுத்து தெரிகிறது.

மாலையில் பக்கத்து வீட்டு டேனியல் வந்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்தாளுநர். அவனிடமும் நம் மாதிரி கார்தான், நிறமும் டயரும்தான் வேறு. வசு எதையோ சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, ஃபாக்டரி களத்துல ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாத்துடலாமா? சும்மா ஒரு இதுக்கு."

வசு கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் போனோம். களம் முழுக்க ஈரம். ஒரே வேகம், ஒரே இடத்தில் பிரேக். இரண்டையும் நானே ஓட்டினேன். டாக்டர் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். டேனியல் வண்டி சில்வர் ஓக் மரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நம்முடையது மரத்தைத் தாண்டி, மரத்துக்கு அப்பால் இருந்த சிமெண்டுத் திண்டையும் தாண்டி, சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் சாக்கடை.

டேனியல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"உன் வண்டியில பிரேக் புதுசுடா" என்றேன்.

"பிரேக் நான் வண்டி வாங்கினப்ப இருந்ததுதாண்ணே."

"எப்படியோ. அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதே, பயந்துக்குவா."

தலையாட்டினான். நான் ஓட்டியதில் ஏதாவது தவறு இருக்கும். பழக்கம் விட்டுப்போயிற்று.

ஜூன் 18, செவ்வாய். கொட்டுகிறது.

இறங்கும்போது கவர்மெண்டு பஸ் ஒன்று வளைவில் ஏறி வந்தது. வசு பிரேக் பிடித்தாள். வண்டி நேராகப் போயிற்று. பஸ்ஸின் மூக்கு வண்டியின் முன் கண்ணாடிக்கு அவ்வளவு கிட்டே வந்ததை இதற்கு முன் பார்த்ததில்லை. பஸ் டிரைவர் ஒடித்ததால் பிழைத்தோம்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு வசு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

"டயரை மாத்திடலாங்க."

"புது டயரை எவனாவது மாத்துவானா? ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா மேல் வழவழப்பு போயிடும். அப்புறம் பிடிக்கும்."

"அதுவரைக்கும்?"

அதுவரைக்கும் மெதுவாகப் போவோம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தாவும் ஃபியூஸும் சொன்ன அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. பிறகு வண்டியை எடுத்தாள். எடுக்காமல் என்ன செய்வாள், அங்கே இயந்திரம் காத்திருக்கிறது.

ஜூன் 20, வியாழன். மழை விடவில்லை.

சின்ன வேலை ஒன்று செய்தேன். ஜீப் சேற்றில் மாட்டினால் நாங்கள் காற்றைக் குறைப்போம். டயர் அகலமாகப் படியும், தரையைக் கவ்விப் பிடிக்கும். தோட்டத்தில் எல்லா டிரைவருக்கும் இது தெரியும். வசு பால் வாங்கப் போன நேரத்தில் ஷெட்டுக்குள் போய், தீக்குச்சியால் வால்வை அழுத்தி நான்கிலும் காற்றைக் குறைத்துவிட்டேன். அளந்து பார்க்க மீட்டர் வேண்டியதில்லை, காலால் உதைத்துப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

வசுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு வியாக்கியானம் வரும்.

ஜூன் 21, வெள்ளி. மழை.

போய் வந்தோம். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்றாள். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஜூன் 24, திங்கள். இரவு பகலாக மழை.

நாளை காரில் போக வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்று வசு சொல்லிப் பார்த்தாள். திரும்பி வரும்போது என்னால் நிற்கக்கூட முடியாது, பஸ்ஸில் எங்கே உட்கார்வது? கார்தான் என்று சொல்லிவிட்டேன். கால் வீங்கியிருக்கிறது. மூச்சும் கொஞ்சம் வாங்குகிறது. நாளை போயே ஆக வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்.

எழுத முடியவில்லை. உயிரோடு இருக்கிறோம்.

ஜூன் 26, புதன். மழை விட்டிருக்கிறது.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். மனதிலேயே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆழியாறு அணை கீழே தெரியும் வளைவுக்கு மேலே, மலையிலிருந்து தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. மேகம் இறங்கி எதிரே ஒன்றும் தெரியவில்லை. வசு மெதுவாகத்தான் போனாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தண்ணீரில் ஏறியதும் ஸ்டியரிங்கை ஒடித்தாள். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அப்படியே குறுக்கே போய், ரோட்டின் அந்தப் பக்கம் இருந்த தடுப்புச் சுவரில் வலது பக்கமாக மோதியது. சுவரின் கல் இரண்டு பெயர்ந்து விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

என் பக்கம் ரோடு. என் கதவு தாராளமாகத் திறந்தது. அவள் பக்கம் சுவர், அதுவும் பாதி இல்லாத சுவர். அவள் ஜன்னலில் வெள்ளையாக மேகம் மட்டும் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உங்களுக்கு அடி பட்டுதாங்க? கை? இடது கை?" என்று கேட்டாள்.

எனக்கு எங்கேயும் அடி இல்லை. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

என் சீட் வழியாக அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தேன். மழையில் இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு வந்த பஸ் ஏற்றிக்கொண்டது. கண்டக்டர் தன் சீட்டை எனக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரமும் வசு கட்டில் ஓரத்தில் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, உட்கார்ந்தால் கால் நடுங்குகிறது என்றாள்.

இன்று காலை டேனியல் ஆள் வைத்து வண்டியைக் கட்டி இழுத்து வந்து சேர்த்தான். வசு வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். கதவு நசுங்கியதை அவள் பார்க்கவில்லை. குனிந்து டயரையே பார்த்தாள். உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"பஞ்சர்னா ஒண்ணுலதான காத்து போகும். நாலுலயும் எப்படிங்க ஒரே மாதிரி போகும்?"

சொன்னேன். ஜீப், சேறு, தீக்குச்சி எல்லாம் சொன்னேன்.

"சேத்துக்கு செய்யறத தார் ரோட்டுக்கு செஞ்சீங்களா?" என்றாள். "ஸ்டியரிங் கனமா இருக்குதுன்னு நான் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமுல்ல?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். முப்பது வருடமாக அப்படித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது. ஆனால் அவள் கத்தவில்லை.

"காத்த விடுங்க. இந்த டயர ஏன் வாங்குனீங்க? காசு இல்லாமயா? நல்லதா வாங்க நம்மகிட்ட இருந்துச்சுங்க."

"அது எதுக்கு வீணா... அஞ்சு வருசம் ஓடற டயர் எதுக்குன்னுதான்..."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

வசு விரல் விட்டு எண்ணினாள். "பத்திரிகை ஒவ்வொண்ணா. போனு மாசா மாசம். கண்ணாடி வேண்டாம். மோட்டார் ஃபியூஸ் கத்துக்கோ. கோயம்புத்தூர் பாக்கலாம், பாக்கலாம். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றாள். "உங்களுக்கு எவ்வளவு நாள்னு நீங்களே கணக்கு போட்டு, அந்தக் கணக்குக்கு டயர் வாங்கியிருக்கீங்க."

"உனக்குத்தான் வசு. எனக்கப்புறம் உன் கையில நாலு காசு நிக்கட்டும்னு..."

"அந்த டயர் மேல நானும் உக்காந்திருந்தனுங்க."

இவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அழுதேன். அப்பா செத்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. நேற்று பார்த்த அந்த வெள்ளை ஜன்னல் இப்போதும் கண்ணை விட்டுப் போகவில்லை. என்னைப் பற்றியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவள் யார் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

ஜூன் 28, வெள்ளி. தூறல்.

பஸ்ஸில் போய் வந்தோம். திரும்பும்போது இரண்டு முறை வாந்தி. வசு தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். பேச்சு மட்டும் இன்னும் இல்லை. சாப்பிடுங்க, மாத்திரை போடுங்க, அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள். காலையில் வெயில்.

கதவை ஓரளவு தட்டி நிமிர்த்தியாயிற்று. காலையில் டேனியல் காற்றுப் பம்பு கொண்டுவந்து நான்கிலும் சரியாக அடித்தான். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டியே இருக்கிறது. இத்தனை நாள் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன்.

வசு புடவையைச் செருகிக்கொண்டு சாவியை எடுத்தாள்.

"எங்க போறே?"

"பொள்ளாச்சிக்கு. டயர் மாத்தோணும்."

"நானும் வர்றேன்."

"நாளைக்கு உங்களுக்கு டயாலிசிஸ். இன்னிக்கு வேற எதுக்கு அலைச்சல்? ரோடு காய்ஞ்சிருக்குது, இப்பவே போயிடறேன்."

"அந்த டயரோட தனியாவா?"

"இத்தன நாளும் அதோடதான போனேன்" என்றாள். போய்விட்டாள்.

பத்து மணிக்கு மழை பிடித்தது.

சும்மா பிடிக்கவில்லை, அறைந்தது. போன் போட்டேன், மலைப்பாதையில் எங்கே டவர் இருக்கிறது? போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவாள் என்று டேனியல் சொன்னான். கூப்பிடவில்லை. மதியத்துக்குச் சோறு வைத்துவிட்டுப் போயிருந்தாள், அப்படியே இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கீழேயிருந்து வந்த ஒரு லாரிக்காரனை நிறுத்தி, சாம்பல் நிறக் கார், வலது கதவு நசுங்கியது, வழியில் பார்த்தாயா என்று கேட்டேன். கவனிக்கல சார் என்றான். கவனிக்காமல் ஓட்டியதற்காக அவனைத் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான்?

வாரம் இரண்டு தடவை நான் இயந்திரத்தில் படுத்திருக்கும்போது, வெளியே பெஞ்சில் இவள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது. ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு மேல் எனக்குப் பயம் தாங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். டேனியல் பின்னாலேயே வந்து, "அண்ணே, நீங்க நடக்கக் கூடாதுண்ணே" என்றான். நீ போடா என்றேன். திருப்பத்தில் இருக்கும் நிழற்குடை வரை போய் நின்றேன். வருகிற ஒவ்வொரு ஹெட்லைட்டும் அவள்தான் என்று நினைத்தேன். ஒவ்வொன்றும் வேறு யாரோ.

இருட்டுகிற நேரத்தில் வந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பிரேக் பிடித்தாள். வண்டி கேட்ட இடத்தில் நின்றது. என் காலுக்கு முன்னால், சொன்ன பேச்சு கேட்டு.

"மழையில எதுக்கு நிக்கறீங்க? ஏறுங்க."

"போன் பண்ணியிருக்கலாமுல்ல?"

"சார்ஜ் தீந்துபோச்சுங்க. பயந்துட்டீங்களா?"

ஆமாம் என்றேன். இந்த வார்த்தையை இவளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை. துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள்.

இறங்கும்போது மழைக்கு முன்பே ஆழியாறு தாண்டிவிட்டாளாம். கடையில் கூட்டம், அதுதான் தாமதம். அந்த அரைவிலை டயர் நான்கையும் கடைக்காரர் எடுத்துக்கொண்டாராம். பொள்ளாச்சிக்குள்ளேயே ஓடும் ஒரு வண்டிக்குப் போடுவாராம். வெயிலில், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில், அவை பாட்டுக்கு ஓடும். அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் வசு கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். டயர் வாரண்டி. ஐந்து வருடம்.

"யார் பேருக்கு எழுதட்டும்னு கேட்டாருங்க. உங்க பேரச் சொன்னேன்."

'திருமூர்த்தி' என்று கடைக்காரர் கோணல்மாணலாக எழுதியிருந்தார்.

"வண்டி ஓட்டறது நீதான. உன் பேருக்கு எழுதியிருக்கலாமுல்ல?"

"எழுதியிருக்கலாம்" என்றாள். "இதுக்குள்ள டயர்ல ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பேர் இருக்குதோ அவங்கதான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கணுமாம். அஞ்சு வருசத்துக்கு நீங்கதான் பொறுப்பு. என்னால அதுக்கெல்லாம் அலைய முடியாது."

அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கீறல் வழியாக என் பெயர் இரண்டாகத் தெரிந்தது.

ஜூலை 2, செவ்வாய். மழை.

டாக்டர் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டேன், கோயம்புத்தூருக்கு எப்போது போக வேண்டும் என்று. அவர் என்னையும் வசுவையும் மாறி மாறிப் பார்த்தார். வசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 10, புதன். கனமழை. அளக்கப் பாத்திரம் போதாது.

கோயம்புத்தூர் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம். முறை எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வரும்போது வரட்டும். வழியில் கண்ணாடிக்கும் அளவு கொடுத்தேன். பத்திரிகைக்கு வருடச் சந்தாவே கட்டச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு வாரமும் கடைக்கு யார் நடப்பது?

ஏறும்போது அந்தச் சுவர் வந்தது. இன்னும் கல் வைத்துக் கட்டவில்லை, இரண்டு தார் டின்னைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் அதே இடத்தில் அதே மாதிரி பாய்ந்துகொண்டிருந்தது. வசு கியரைக் குறைத்தாள், ஒடித்தாள், வண்டி திரும்பியது. வீடு வரை நான் வாயே திறக்கவில்லை. காலாலும் பிரேக் மிதிக்கவில்லை.

வழி முழுக்க மிதித்துக்கொண்டே வந்ததாக அவள் சொல்கிறாள்.